முறுக்கு நாழியும் அட்லாண்டிக் கேபிளும்

உங்க போனோட சார்ஜர் வயரைக் கொஞ்சம் கையில எடுத்துப் பாருங்க. உள்ளே செம்பு, வெளியே பிளாஸ்டிக் உறை. அந்த உறையில எங்கேயாவது தையல் தெரியுதா? ஒட்டு தெரியுதா? எலக்ட்ரிகல் கடையில் வாங்கும் 90 மீட்டர் வயர் சுருளை முழுக்கப் பிரித்தாலும் தெரியாது. அப்படின்னா செம்பு எப்படி உள்ளே போனது? 90 மீட்டர் குழாய்க்குள் கம்பியை நுழைக்க முடியாது. மேலே சுற்றி ஒட்டியிருந்தால் கோடு தெரியணும்.

பதில் நம்ம வீட்டு அடுக்களையில் இருக்கு. முறுக்கு நாழி. மாவை உள்ளே அடைத்து, மேலிருந்து அழுத்தினால், அச்சில் என்ன வடிவத்தில் ஓட்டை இருக்கோ அதே வடிவத்தில் மாவு நீளமாக வெளியே வரும். நட்சத்திர ஓட்டை என்றால் முள்ளு முறுக்கு, பொடி ஓட்டை என்றால் இடியாப்பம், பட்டை ஓட்டை என்றால் ரிப்பன் பக்கோடா. தொழிற்சாலையில் இதுக்குப் பெயர் எக்ஸ்ட்ரூஷன். பிவிசி பைப், ஃபிரிட்ஜ் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை, அலுமினிய ஜன்னல் சட்டம் எல்லாமே இப்படிப் பிழிந்து எடுத்ததுதான். அலுமினியத்துக்குத் தனி எபிசோடே போடலாம், அவ்வளவு கதை இருக்கு. இன்னைக்கு நான் பேசப்போறது ஒரே ஒரு கிளையைப் பற்றி: கம்பிக்கு உறை போடுவது. ஏன்னா, இந்தச் சின்ன வேலை சரியா வராததால்தான் அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு பெரும் பணம் மூழ்கிப்போனது. அது சரியா வந்த பிறகு, மலாயாக் காடுகளில் ஒரு மர இனமே கிட்டத்தட்டக் காணாமல் போனது.

முதலில் ஈயம். 1797-ல் ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் ஈயக் குழாய் செய்ய ஒரு காப்புரிமை வாங்கினார். ஹைட்ராலிக் பிரஸ்ஸைக் கண்டுபிடித்தவரும் இவர்தான். உருகிய ஈயத்தை ஒரு பிஸ்டனால் தள்ளி, வளைய வடிவ ஓட்டை வழியாக வெளியே அனுப்புவது அவர் யோசனை. 1820-ல் தாமஸ் பர் என்பவர் ஹைட்ராலிக் அழுத்தத்தை வைத்து ஈயக் குழாயை நிஜமாகவே பிழிந்து எடுத்தார். அதுவரை குழாய் என்றால் ஈயத் தகட்டை வளைத்து, விளிம்பில் பற்றவைப்பது. பற்றவைத்த இடத்தில்தான் ஒழுகும். பிழிந்த குழாயில் அந்த இடமே இல்லை.

குழாய் பிழிவதுக்கும் கம்பிக்கு உறை போடுவதுக்கும் நடுவில் ஒரு அடிதான் தூரம். குழாய்க்கு நடுவில் துவாரம் வரணும் என்றால், அச்சின் ஓட்டைக்கு நடுவில் ஒரு முள் நிற்கணும். அந்த முள்ளுக்குப் பதிலா, பின்னாலிருந்து ஒரு செம்புக் கம்பி வந்து, அச்சின் நடுவே நகர்ந்து வெளியே போய்க்கிட்டே இருந்தால்? குழாய் கம்பி மேலேயே உருவாகிவிடும். சொல்றதுக்கு இவ்வளவுதான். ஆனா எதைப் பிழிவது என்பதுதான் கேள்வி.

1840-களில் தந்தி பரவத் தொடங்கியது. நிலத்தில் பிரச்சினை இல்லை. கம்பத்தில் கம்பியைக் கட்டினால் சுற்றியிருக்கும் காற்றே காப்பு. ஆறோ கடலோ குறுக்கே வந்தால்தான் சிக்கல். 1839-லேயே கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னஸி என்ற மருத்துவர் ஹூக்ளி ஆற்றுக்குள் கம்பி போட்டுப் பார்த்தார். தார் பூசிய நூலும் பிரம்பும்தான் காப்பு. சோதனைக்கு அது போதும். ஆனா கடலுக்குள் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கணுமே? ரப்பரைப் பலர் முயன்றார்கள். பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்தால் உறுதியாகும், ஆனா அந்தக் கந்தகம் செம்பைத் தின்னும். வல்கனைஸ் ஆன ரப்பரை மறுபடி உருக்கவும் முடியாது. சுட்ட முறுக்கைத் திரும்ப மாவாக்க முடியாத மாதிரி.

இந்த இடத்தில் கதை சிங்கப்பூருக்குப் போகுது. வில்லியம் மாண்ட்கோமரி அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை சிகிச்சை மருத்துவர். 1842-ல் ஒரு மலாய்க்காரர் வைத்திருந்த பராங் என்ற வெட்டரிவாளின் பிடி அவர் கண்ணில் பட்டது. மரமும் இல்லை, கொம்பும் இல்லை. என்னவென்று விசாரித்தால், மரத்துப் பால். வெந்நீரில் முக்கினால் களிமண் மாதிரி இளகும், எந்த வடிவத்துக்கும் பிடிக்கலாம், ஆறினால் கட்டை மாதிரி இறுகிவிடும். மறுபடி வெந்நீரில் போட்டால் மறுபடி இளகும். மலாய் மக்களுக்கு இது எத்தனையோ தலைமுறையாகத் தெரிந்த சங்கதி. ‘கெத்தா’ என்றால் மலாயில் பால், பிசின். அதுதான் ஆங்கிலேயர் வாயில் கட்டாபெர்ச்சா ஆனது.

மாண்ட்கோமரி யோசித்தது மருத்துவக் கருவிகளைப் பற்றி. வெப்பமண்டல ஈரத்தில் ரப்பர் கருவிகள் கெட்டுப்போவது அவருக்குப் பெரிய தொல்லை. மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே கலைக் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கமே கொடுத்தது. பராங் வைத்திருந்த மனிதரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கட்டாபெர்ச்சா மரம் நமக்கு ரொம்ப அந்நியமும் இல்லை. இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் இதுவும் ஒன்று. சப்போட்டாக் காயைப் பறித்தால் காம்பில் வெள்ளையாகப் பால் கசியுமே, அந்த வம்சம். இந்தப் பாலும் ரப்பரும் வேதியியலில் இரட்டைப் பிறவிகள். அதே ஐசோப்ரீன் சங்கிலி, கண்ணிகள் திரும்பியிருக்கும் விதம் மட்டும் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் ரப்பர் இழுபடுது, கட்டாபெர்ச்சா இறுகுது. சூடாக்கினால் இளகி, ஆறினால் இறுகி, அதையே திரும்பத் திரும்பச் செய்யும் பொருளை நாம இன்னைக்குத் தெர்மோபிளாஸ்டிக் என்கிறோம். பிளாஸ்டிக் என்ற தொழில் பிறப்பதற்கு முன்னாடியே, ஒரு மரம் அதைச் செய்துகொண்டிருந்தது.

லண்டனில் 1845-ல் கட்டாபெர்ச்சா கம்பெனி தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி பெவ்லி, டப்ளினில் சோடா வியாபாரம் செய்தவர். பாட்டில் மூடிக்காகத்தான் இந்தப் பொருள் பக்கமே வந்தார். சோடா மூடியில் ஆரம்பித்த கம்பெனி, செருப்பு அடிப்பாகம், கோல்ஃப் பந்து, அலங்காரச் சட்டம் என்று எதை எதையோ செய்தது. பெவ்லி கட்டாபெர்ச்சாக் குழாய் பிழிய ஒரு இயந்திரமும் வைத்திருந்தார். அந்தக் குழாய் இயந்திரம்தான் அடுத்த மூன்று நாலு வருஷத்தில் கம்பிக்கு உறை போடும் இயந்திரமாக மாறியது.

அதே நேரத்தில் பெர்லினில் பிரஷ்ய ராணுவத்தின் ஒரு இளம் அதிகாரிக்கு, லண்டனிலிருந்த தம்பி கட்டாபெர்ச்சா மாதிரி ஒன்றை அனுப்பிவைத்தார். அண்ணன் பெயர் வெர்னர் சீமன்ஸ். ஆமாம், அந்த சீமன்ஸ்தான். 1847-ல் அவரும் கூட்டாளி ஹால்ஸ்கேயும் சேர்ந்து, செம்புக் கம்பியின் மேல் கட்டாபெர்ச்சாவைத் தையலே இல்லாமல் பிழிந்து மூடும் பிரஸ் ஒன்றை உருவாக்கினார்கள். பெவ்லியா சீமன்ஸா, யார் முதல் என்று ரெண்டு நாட்டுக்காரங்களும் ரொம்ப நாள் வாதாடியிருக்காங்க. எனக்கு அந்தப் பட்டிமன்றத்தில் ஆர்வம் இல்லை. வெந்நீரில் இளகும் ஒரு பிசின் கைக்கு வந்த ரெண்டு வருஷத்துக்குள், ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாமல் ரெண்டு பேர் ஒரே இயந்திரத்துக்கு வந்து சேர்ந்தாங்க. பொருளே கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போயிருக்கு என்றுதான் எனக்குத் தோணுது.

அந்த பிரஸ் எப்படி வேலை செய்தது? நீராவியால் சூடாக்கப்பட்ட ஒரு உருளை. அதுக்குள் இளகிய கட்டாபெர்ச்சா. பிஸ்டன் மெதுவாக அழுத்தும். உருளையின் முனையில் அச்சு. செம்புக் கம்பி பின்பக்கமிருந்து ஒரு வழிகாட்டித் துளை வழியாக வந்து, அச்சின் சரியான நடுவில் நுழைந்து, சூடான பிசினைப் போர்த்திக்கொண்டு வெளியே வரும். வந்ததும் உடனே நீளமான தண்ணீர்த் தொட்டிக்குள் ஓடும். ஏன்னா அப்போ அந்த உறை கொழுக்கட்டை மேல்மாவு பதத்தில் இருக்கும். ஆறுவதற்குள் எதன் மேலாவது பட்டால் நசுங்கும். சும்மா விட்டால் செம்பு தன் எடையில் கீழே இறங்கும், ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு.

இன்னொரு சிக்கல் நாழி பிழிகிற எல்லோருக்கும் தெரியும். மாவு தீர்ந்துவிடும். திறந்து மறுபடி அடைக்கணும். அடைக்கும்போது உள்ளே காற்று சிக்கும். முறுக்கில் என்றால் பிழியும்போது ‘பட்’டென்று ஒரு சத்தம், இழை அறும், அவ்வளவுதான். கேபிளில் அந்தக் காற்றுக் குமிழி ஒரு மெல்லிய இடம். கடலடியில் தண்ணீரின் அழுத்தம் அந்த இடத்தைத்தான் தேடிப் பிடிக்கும்.

பிரஷ்யாவில் சீமன்ஸ் முதலில் நிலத்துக்கடியில் புதைத்தார். பெர்லினுக்கும் பிராங்க்ஃபர்ட்டுக்கும் நடுவில் 1848-49-ல் போட்ட தந்தித் தடத்தின் பெரும்பகுதி கட்டாபெர்ச்சாக் கம்பி. 1849 மார்ச்சில் பிராங்க்ஃபர்ட் சபை பிரஷ்ய மன்னரைப் பேரரசராகத் தேர்ந்தெடுத்த சேதி, ஒரு மணி நேரத்துக்குள் பெர்லினுக்கு அதன் வழியாகத்தான் போனது. சில வருஷங்களில் தடம் கெட்டுப்போனது. கட்டாபெர்ச்சாவில் கந்தகம் சேர்த்திருந்தார்கள், அது செம்போடு வினைபுரிந்தது. ஆழம் போதாமல் புதைத்திருந்தார்கள், எலி கடித்தது. பழி சீமன்ஸ் மேல் விழுந்தது, பிரஷ்ய அரசோடு உறவும் முறிந்தது.

கடலில் முதல் பெரிய முயற்சி 1850 ஆகஸ்ட் 28. இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸ் கரைக்கு, பிரெட் சகோதரர்கள் ஒரு கேபிள் இறக்கினார்கள். கேபிள் என்று சொல்வதே பெரிய வார்த்தை. செம்புக் கம்பி, மேலே கட்டாபெர்ச்சா, வேறெதுவும் கிடையாது. துண்டு துண்டாகப் பிழிந்து, கையால் இணைத்து, மிதக்காமல் இருக்க ஈயக் கட்டிகளைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். மறுநாளே செத்துப்போனது. ஒரு பிரெஞ்சு மீனவர் வலையில் மாட்டி, ஏதோ விசித்திரமான கடற்பாசி என்று வெட்டி எடுத்துட்டுப் போனார் என்பது காலம் காலமாகச் சொல்லப்படும் கதை. 1851-ல் அதே உறைக்கு மேல் இரும்புக் கம்பிக் கவசம் சுற்றிப் போட்டார்கள். அது நின்றது.

உடனே எல்லோர் கண்ணும் அட்லாண்டிக் பக்கம் திரும்பியது. 1857-ல் செய்த அட்லாண்டிக் கேபிளின் கணக்கைப் பாருங்க. நீளம் 2,500 கடல் மைல். ஏழு இழைச் செம்பு. ஒரு கடல் மைலுக்கு 107 பவுண்டு செம்பு, 261 பவுண்டு கட்டாபெர்ச்சா, மூன்று அடுக்காக. இரும்புக் கவசத்தை ரெண்டு கம்பெனிகளுக்குப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவர் இடப்பக்கம் முறுக்கினார், இன்னொருவர் வலப்பக்கம். நடுக்கடலில் ரெண்டையும் இணைத்தால் ஒன்றை ஒன்று பிரித்துவிடும் என்பது செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. ரெண்டு டீம் ஒரு இன்டர்ஃபேஸைப் பேசாமலேயே கோட் எழுதினால் என்ன ஆகும் என்று தெரிந்தவங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

1858 ஆகஸ்ட்டில் கேபிள் ரெண்டு கரையையும் தொட்டது. விக்டோரியா ராணி அமெரிக்க அதிபருக்கு அனுப்பிய 98 வார்த்தை வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. மூன்று வாரத்தில் கேபிள் ஊமையானது. இதைச் சொல்லும் எல்லாரும் ஒருவரைத்தான் வில்லன் ஆக்குவாங்க: வைல்ட்மேன் வைட்ஹவுஸ். சிக்னல் மங்கலாக வருது என்று 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றி கேபிளைக் கொன்றவர். அது உண்மைதான், அவர் செய்தது அடாவடி. ஆனா 2,000 வோல்ட்டுக்கு முன்பே அந்தக் கேபிள் நோயாளி. 1857-ல் முதல் முயற்சி தோற்ற பிறகு கேபிள் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. அதற்கு முன்பே, செய்த கேபிள் வெயிலில் வெளியே கிடந்தபோது கட்டாபெர்ச்சா இளகி, செம்பு நடுவை விட்டு நகர்ந்திருந்தது. வெந்நீரில் இளகும் என்பதுதானே இதன் சிறப்பு? அதே சிறப்புதான் கோடை வெயிலில் எதிரியாக வந்து நின்றது. செம்பு ஒரு பக்கம் ஒதுங்கினால், அந்தப் பக்கத்து மெல்லிய உறையில் மின்னழுத்தம் முழுக்கக் குவியும். கொஞ்சம் ஏற்றினால் போதும், உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வைட்ஹவுஸைத் திட்டிய அளவுக்கு உறையைக் கவனிக்காத கிடங்கை யாரும் திட்டவில்லை.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள்தான் கேபிளை நிஜமான தொழிலாக்கின. 1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிளில் கட்டாபெர்ச்சா நான்கு அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சாட்டர்டன் கலவை என்ற பசை. ஏன் ஒரே தடிமனாகப் பிழியாமல் நான்கு தடவை? ஒரு அடுக்கில் குமிழி இருக்கலாம், அடுத்த அடுக்கிலும் இருக்கலாம், ஆனா நான்கு குமிழியும் ஒரே புள்ளியில் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்காருவது அபூர்வம். பிழிந்த கம்பியை 24 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டு, மின்சாரம் எவ்வளவு கசியுது என்று அளந்தார்கள். இணைப்பு போடும் தொழிலாளி விரலில் வியர்வையோ அழுக்கோ இருக்கக் கூடாது, ஏன்னா அந்த இணைப்பு இறங்கப்போவது மூன்று நாலு கிலோமீட்டர் ஆழத்துக்கு. 1866-க்குப் பிறகு அட்லாண்டிக் இணைப்பு நிரந்தரமானது.

இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையில் ஒரு எண் இருக்கு, கவனிச்சீங்களா? ஒரு கடல் மைலுக்கு 261 பவுண்டாக இருந்த கட்டாபெர்ச்சா, 1866 கேபிளில் 400 பவுண்டு.

இது எங்கிருந்து வந்தது? ரப்பர் மரத்தில் பட்டையைக் கீறிவிட்டால் பால் சொட்டுச் சொட்டாக ஓடிச் சிரட்டையில் இறங்கும். நாளை மறுநாள் மறுபடி கீறலாம், மரம் வாழும். மலாயா என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது அந்த ரப்பர்தான். ஏழை எளிய தமிழ்ச் சனங்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுபோய் இறக்கிய தோட்டங்கள். அது பிறகு வந்த மரம், வேறு கதை. கட்டாபெர்ச்சா மரத்தில் பால் ஓடாது. பட்டைக்குள் தனித்தனிச் சின்னப் பைகளில் இருக்கும், காற்றுப் பட்டதும் உறையும். அதனால் அதை எடுக்கப் போனவர்கள் மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். சாய்ந்த மரத்தில் ஒரு அடிக்கு ஒரு வளையமாகப் பட்டையைக் கொத்தி, கசியும் பாலைச் சுரண்டினார்கள். காட்டுக்குள் போய் அந்த வேலையைச் செய்தவர்கள் மலாய்க்காரர்கள், பழங்குடிகள், போர்னியோவின் தயாக் மக்கள். வாங்கி விற்றவர்கள் பெரும்பாலும் சீன வியாபாரிகள். விலை தீர்மானமானது சிங்கப்பூரிலும் லண்டனிலும்.

சிங்கப்பூரில் இருந்த தாமஸ் ஆக்ஸ்லி என்ற இன்னொரு மருத்துவர் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியான கட்டாபெர்ச்சா, 1844-ல் 1 பிக்குல். பிக்குல் என்றால் சுமார் 60 கிலோ. 1845-ல் 169 பிக்குல். 1846-ல் 5,364. 1847-ல் ஜூலை முதல் தேதி வரை மட்டும் 1,384. மொத்தம் 6,918 பிக்குல், அதாவது 400 டன்னுக்கும் மேல். இதற்காக 69,180 மரங்கள் வெட்டப்பட்டிருக்கும் என்று அவர் போட்டார். இது கடல் கேபிளுக்கு முன்னாடி. செருப்புக்கும் கோல்ஃப் பந்துக்கும் போனது.

ஆக்ஸ்லி ஒரு மரத்துக்குச் சுமார் 6 கிலோ கிடைக்கும் என்று தாராளமாக வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் பார்த்தது ஒரு கிலோ, பல நேரம் அதற்கும் கீழே. பெரும்பாலான பால் வெட்டிய மரத்தின் பட்டையிலேயே தங்கிக் காட்டில் அழுகியது. இப்போ 1857 கேபிளுக்குப் போட்டுப் பாருங்க. 2,500 மைல், மைலுக்கு 261 பவுண்டு, கிட்டத்தட்ட 296 டன். மரத்துக்கு ஒரு கிலோ என்றால் சுமார் மூன்று லட்சம் மரம். மூன்று வாரம் பேசிய ஒரு கேபிளுக்கு.

சிங்கப்பூர்த் தீவில் வியாபாரம் தொடங்கி ஒரு பத்து, பதினைந்து வருஷத்துக்குள் அந்த மரம் கிட்டத்தட்டத் தீர்ந்துபோனது. பிறகு ஜொகூர், மலாயாவின் உள்காடுகள், சுமத்ரா, போர்னியோ என்று கோடரி நகர்ந்துகொண்டே போனது. நாற்று நட்டால் பலன் தர இருபது வருஷத்துக்கும் மேல் ஆகும் மரத்தை, மைல் கணக்கில் பிழியும் இயந்திரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. 1900 வாக்கில் உலகக் கடல்களின் அடியில் 3 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல் கேபிள் கிடந்தது. அதில் பெரும்பாலானதுக்கு உறை இந்த மரத்துப் பால்தான்.

நம்ம கரைக்கும் அது வந்தது. 1870-ல் லண்டனையும் பம்பாயையும் கடல் வழியாக இணைத்த கம்பெனிகள், அடுத்து மதராஸிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு ஒரு தடத்தை இறக்கின. 1871 தொடக்கத்தில் அது தயார். அதன் பயணத்தைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மலாய்க் காட்டில் வெட்டிய பால் சிங்கப்பூரில் கப்பல் ஏறி லண்டன் போகுது. அங்கே கொதிக்கவைத்து, மண்ணும் பட்டைத் தூளும் கலப்படக் கல்லும் நீக்கி, பிசைந்து, செம்பின் மேல் பிழிந்து, கேபிளாக்கி, மதராஸ் வந்து, வங்காள விரிகுடாவின் தரையில் படுத்து, கடைசியில் கிளம்பின அதே சிங்கப்பூருக்குப் போய்ச் சேருது. காட்டில் வெட்டியவருக்கு எடைக்குக் காசு. கேபிள் வந்த பிறகு லண்டன் விலை சிங்கப்பூர் வியாபாரிக்கு வாரக்கணக்கில் காத்திருக்காமல் கிடைத்தது. அடுத்த காட்டை எப்போ வெட்டலாம் என்று தீர்மானிக்க அந்த விலை உதவியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நாழி நின்று நின்று ஓடும் பிரச்சினை என்ன ஆனது? 1879-ல் இங்கிலாந்தில் மேத்யூ கிரே என்பவர் ஒரு காப்புரிமை எடுத்தார். பிஸ்டனைத் தூக்கிப் போட்டுவிட்டு, உருளைக்குள் நீளமான திருகு. நம்ம ஊர் சேவை நாழியிலும் திருகு உண்டு, ஆனா அது மேலிருந்து பிஸ்டனை அழுத்த மட்டும்தான். கிரேயின் திருகு மாவுக்குள்ளேயே சுழலும். எண்ணெய் மில்லில் எக்ஸ்பெல்லர் பார்த்திருப்பீங்க, அந்த மாதிரி. ஒரு முனையில் பொருளைப் போட்டுக்கொண்டே இருந்தால், பிசைந்து, காற்றைப் பின்னுக்குத் தள்ளி, மறுமுனையில் நிற்காமல் வெளியே வரும். அதே சமயத்தில் பிரான்சிஸ் ஷா, அமெரிக்காவில் ஜான் ராயல் என்று வேறு சிலரும் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள். இன்றைக்கு உலகத்தில் பிளாஸ்டிக்கைப் பிழியும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குள் சுழல்வது இந்தத் திருகின் வாரிசுதான்.

இயந்திரம் நிற்காமல் ஓடத் தொடங்கியது, மரம் தீர்ந்துகொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் மேற்கு ஜாவாவில் சிபெதீர் என்ற இடத்தில் 1885-ல் ஒரு தோட்டம் போட்டார்கள். மரத்தை வெட்டாமல் இலையைப் பறித்து அரைத்துக் கட்டாபெர்ச்சா எடுப்பது அங்கே தொழிலானது. இலையிலும் பால் உண்டு என்று கண்டுபிடிக்க நாற்பது வருஷமா என்று எரிச்சல் வருது. காட்டு மரம் மலிவாகக் கிடைத்த வரை யாரும் தேடவில்லை என்பதுதான் எளிய விடை.

கடைசியில் மரத்தைக் காப்பாற்றியது யாருடைய நல்ல மனசும் இல்லை. 1933 மார்ச் 27. இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற ரெண்டு பேர் எத்திலீன் வாயுவைப் பயங்கர அழுத்தத்தில் வேறொரு பொருளோடு வினைபுரிய வைக்கப் பார்த்தார்கள். அது நடக்கவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. பாலிஎத்திலீன். 1935 டிசம்பரில் அதைத் திரும்பச் செய்தபோது பாத்திரத்தில் கசிவு இருந்தது, அந்தத் தற்செயலால்தான் நல்லபடியாக விளைந்தது. சரி, இதை வைத்து என்ன செய்வது? பை செய்யலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கேபிள்காரர்கள் கையில் வாங்கிப் பார்த்தார்கள். சூடாக்கினால் இளகுது, ஆறினால் இறுகுது, தண்ணீர் ஏறவில்லை, மின்சாரம் கசியவில்லை. அவங்களுக்கு அது ஏற்கெனவே அறிமுகமான ஆள். கட்டாபெர்ச்சாவின் வேலையைச் செய்ய வந்த, மரம் தேவைப்படாத ஆள்.

முழு அளவு உற்பத்தி தொடங்கிய நாள் 1939 செப்டம்பர் 1, ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்த அதே நாள். முதல் சில வருஷம் எல்லாம் ரேடார் கேபிளுக்குப் போனது. 1956-ல் அட்லாண்டிக்குக்கு அடியில் போட்ட முதல் தொலைபேசிக் கேபிளின் காப்பு பாலிஎத்திலீன். ஒரே நேரத்தில் 36 பேச்சு போகலாம். அதோடு கட்டாபெர்ச்சாவின் நூற்றாண்டு முடிந்தது. இப்போ அது மிச்சமிருக்கும் ஒரு முக்கியமான இடம் பல் மருத்துவம். நீங்க ரூட் கனால் பண்ணியிருந்தால், பல்லின் வேருக்குள் அடைத்திருப்பது பெரும்பாலும் கட்டாபெர்ச்சாதான்.

2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஐடூஐ என்ற கண்ணாடி இழைக் கேபிள் வந்தது, சுமார் 3,200 கிலோமீட்டர். 1871-ல் தந்தி போன அதே விரிகுடா. இப்போ சேதி போவது ஒளியாக, செம்பில் இல்லை. ஆனா வழியில் ஒளியைத் தூக்கிவிடும் ரிப்பீட்டர்களுக்கு மின்சாரம் வேணும், ஆயிரக்கணக்கான வோல்ட். அதைச் சுமக்க உள்ளே ஒரு செம்புக் குழல் உண்டு. அதன் மேல் பாலிஎத்திலீன், பிழிந்து போட்டது. நடுவிலிருந்து விலகாமல், குமிழி இல்லாமல், தையல் இல்லாமல்.

இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். 2012-க்குப் பிறகு இங்கிலாந்து, பிரான்ஸ், நெதர்லாந்து கடற்கரைகளில் நடக்கப் போனவர்களுக்கு, தலையணை மாதிரிப் பட்டையான பழுப்புக் கட்டிகள் கிடைக்க ஆரம்பித்தன. மேலே பெரிய எழுத்தில் சிபெதீர் என்று அச்சு. அந்த ஜாவாத் தோட்டத்துக் கட்டாபெர்ச்சா. 1917-ல் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த மியாசாகி மாரு என்ற ஜப்பானியக் கப்பலிலிருந்து அவை வருவதாகக் கருதுகிறார்கள். நூறு வருஷம் கடலுக்குள் கிடந்தும் எழுத்து அழியவில்லை. சில கட்டிகளை இப்போதும் வெந்நீரில் போட்டால் இளகுதாம்.